வந்த மரமும் வந்த மனிதரும்

கொழும்பு மாநகரில், கொம்பனித்தெருப் பகுதியில், கியூ வீதி என்றொரு வீதி உண்டு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்கின்ற நம்மவரிற் பலர் அலுவல் நிமித்தம் அவ்வீதியைப் பலமுறை கடந்திருப்பர். அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று நின்று கேட்டவர் மிகச் சிலரே. இலண்டன் மாநகரை அடுத்துள்ள கியூ அரச தாவரவியற் பூங்காவின் பெயரே அது. 1810ஆம் ஆண்டில், சர் ஜோசப் பாங்ஸ் என்னும் விஞ்ஞானி வகுத்த திட்டத்தின்படி, பிரித்தானிய ஆட்சியாளர் இலங்கையில் ஒரு தாவரவியற் தோட்டத்தைத் தொடங்கிய இடம் அதுதான். சீன தேசத்திலே செடிகள் திரட்டிப் பழகிய வில்லியம் கெர் என்பவர் 1812இல் அதன் மேற்பார்வையாளராக வந்து சேர்ந்தார். ஆனால் நிலம் தாழ்ந்த நிலம். வெள்ளம் புகும் நிலம். 1813இல் தோட்டம் களுத்துறைக்குப் பெயர்ந்தது. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் பேராதனைக்குச் சென்று நிலைகொண்டது. கொழும்பில் எஞ்சியது வீதியின் பெயர் மட்டுமே.

அப்பகுதிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயரோ ‘அடிமைத் தீவு’ என்று பொருள்படுவது. ஒல்லாந்தர் தம் ஆபிரிக்க அடிமைகளை இரவிலே அடைத்து வைத்த இடமாதலின் அப்பெயர் அதற்கு நிலைத்தது. அடிமைகள் உறங்கிய மண்ணின்மீது ஒரு தாவரவியற் தோட்டம் எழுந்தது என்பதைச் சரித்திர ஆசிரியர் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். மரங்களின் கதையைத் தேடிப் புறப்பட்ட நமக்கோ, அடுத்தடுத்து நாம் கண்டவை யாவும் அது வெறும் தற்செயலன்று என்றே உணர்த்தின.

கொழும்பின் மற்றொரு பகுதியை எடுத்துக்கொள்வோம். இன்று மாளிகைகளும் நூதனசாலையும் பல்கலைக்கழகமும் விகாரமகாதேவிப் பூங்காவும் விளங்குகின்ற கறுவாத்தோட்டம், பெயருக்கேற்ப ஒரு காலத்தில் உண்மையாகவே கறுவாத் தோட்டமாயிருந்தது. அதற்கு முன் கறுவாப் பட்டை காட்டிலே தானாக வளர்ந்த மரங்களிலிருந்தே உரிக்கப்பட்டது. 1769இல் ஒல்லாந்த ஆளுநர் பல்க் மருதானைப் பகுதியிலே கறுவாவை நட்டு வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். பட்டை உரிக்கும் தொழில் சலாகம சாதியினர்மீது பிறப்புவழிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. கறுவா மரத்துக்குக் கேடு விளைத்தவருக்கு மரண தண்டனை வரையில் விதிக்கலாம் என்றிருந்தது அக்காலச் சட்டம். மரத்தின் உயிர் மனிதனின் உயிரினும் மேலாக மதிக்கப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தாவரவியற் தோட்டம் என்றவுடன் பூக்களும் நிழலும் புற்றரையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. விடுமுறை நாளிற் பிள்ளைகளை அழைத்துச் சென்று மகிழ்வதற்கு உகந்த இடம் என்றே நாம் அதனைக் கருதுகிறோம். அது தவறன்று. எனினும் அத்தோட்டங்கள் பிறந்த காரணம் வேறு. ஒரு கண்டத்தில் விளைவதைப் பெயர்த்து மற்றொரு கண்டத்தில் நட்டு, அங்கே மலிவாகக் கிடைக்கும் நிலத்தையும் உழைப்பையும் அதனோடு பிணைத்து, சந்தைக்குரிய சரக்காக மாற்றுவதற்கு ஏகாதிபத்தியம் அமைத்த சோதனைக் களங்கள் அவை. கியூவிலிருந்து கல்கத்தா, பேராதனை, சிங்கப்பூர், ஜமேக்கா என்று அவை ஒரு வலைபோலப் பின்னப்பட்டிருந்தன. கப்பல் வழியே விதை வந்தது. அதே கப்பல் வழியே விளைபொருள் சென்றது.

இவ்வலையின் மிக முக்கியமான முடிச்சுக்களில் ஒன்றைக் காண விரும்பிய நாம், நண்பர் சிலருடன் கோட்டைப் புகையிரத நிலையத்திற் புறப்பட்டுக் கம்பஹாவிற் போய் இறங்கினோம். அங்கே உள்ளது ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்கா. பேராதனையின் புகழ் இதற்கில்லை. பேராதனையின் அரச கம்பீரமும் இதற்கில்லை. தென்னந்தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த தாழ்நிலத்திலே, அமைதியாக, ஒரு கிராமத்துப் பெரியவரைப்போல் அது அமர்ந்திருக்கிறது. வாயிலைக் கடந்தால் பலவகைத் தாலமரங்கள். அப்பால் வானை மறைக்கும் நெடுமரங்கள். அவற்றினிடையே இறப்பர் மரங்கள்.

இறப்பர் மரம் கண்ணைக் கவரும் மரமன்று. சாம்பல் படர்ந்த பட்டை, ஒரு காம்பில் மும்மூன்றாக நிற்கும் இலைகள், காற்றில் வெடித்துச் சிதறும் முப்பிளவுக் காய்கள், தரையெங்கும் புள்ளியிட்ட பளபளப்பான விதைகள். பூங்காவுக்கு வரும் காதலர் இதனடியில் நில்லாமற் சென்று பூஞ்செடிகளின் அருகிற் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் ஆசியாவின் இறப்பர்த் தொழில் வேரூன்றிய மண் இதுவே. நம் நாட்டிலும் மலாயாவிலும் பல்லாயிரம் குடும்பங்களின் தலைவிதியை எழுதிய மரம் இதுவே.

1876ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டில், அமேசன் ஆற்றின் கிளையாகிய தப்பஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளில், ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் சுமார் எழுபதாயிரம் இறப்பர் விதைகளைத் திரட்டினார். எண்ணெய்ப் பசை மிகுந்த அவ்விதைகள் சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழப்பவை. ஆகவே அவசரம் அவசரமாகக் கப்பலேற்றி, மேன்மைதங்கிய மகாராணியாரின் தோட்டத்துக்குரிய அரிய தாவரப் பொருள்கள் என்று சுங்க அதிகாரிகளுக்குச் சொல்லி, அவற்றை இங்கிலாந்துக்கு அவர் கொண்டு சேர்த்தார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுண் என்பது பேசிய கூலி. எழுநூறு பவுணும், பிற்காலத்தில், 1920இல், ‘சர்’ பட்டமும் அவருக்குக் கிட்டின. விதைகளைக் காடு காடாய்த் திரிந்து பொறுக்கியவர்களும், அவை புழுங்கிக் கெடாதபடி பிரம்பைப் பிளந்து காற்றோட்டமான கூடைகள் முடைந்தவர்களும் அவ்வூர்ப் பழங்குடி மக்கள். முடைந்தவர்கள் பெண்கள் என்று விக்கமே எழுதியுள்ளார். அவர்களில் ஒருவரின் பெயரும் சரித்திரத்தில் இல்லை.

கியூவிலே விதைத்தவற்றுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் 1,919 கன்றுகள், கண்ணாடி பதித்த 38 மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே இலங்கைக்குக் கப்பலேறின. அப்போது பேராதனையின் பணிப்பாளர் துவைட்ஸ் என்பவர். பேராதனை, இக்கன்றுகளுக்கு வேண்டிய அளவு வெம்மையான இடமன்று என்று கண்டு, கொழும்புக்கு அண்மையில், வெப்பமும் மழையும் மிகுந்த ஹெனரத்கொடையில் இதற்கெனவே புதிய தோட்டம் திறக்கப்பட்டது. 1860களின் நடுப்பகுதியிலே போடப்பட்ட புகையிரதப் பாதை அவ்வழியே சென்றமையும் வசதியாயிற்று. கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை உயிர் பிழைத்தன. பெட்டிகள் எத்தனை, கன்றுகள் எத்தனை, எக்கப்பல், எம்மாதம் என்பன யாவும் ஒழுங்காகப் பதியப்பட்டன. வாசகர்கள் இவ்விவரத்தை நினைவில் வைத்திருப்பாராக. பின்னர் இதனை நாம் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கும்.

1881இல் ஹெனரத்கொடை மரங்கள் முதன்முறையாகப் பூத்தன. 1888இல், துவைட்சுக்குப்பின் பணிப்பாளரான ஹென்றி டிரைமன் அங்கே பால் வெட்டிச் சோதனை நடத்தினார். அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்துக்குக் கேடு வராமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். எனினும் தோட்டத் துரைமார் பல ஆண்டுகள் இதனைப் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு அப்போது தேயிலைப் பித்து. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழித்தொழித்தபின் அவர்கள் தேயிலையிலே தஞ்சம் புகுந்திருந்தனர். காரோட்டம் பெருகிச் சக்கரங்களுக்கு இறப்பர் தேவைப்பட்டபோதுதான் அவர்களின் கண் திறந்தது. 1906இல் பேராதனையிலே இறப்பர்ப் பொருட்காட்சி நடந்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை பன்னிரண்டு சிலிங்கைத் தாண்டியது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் காடுகள் எரிந்தன, கன்றுகள் எழுந்தன. காட்டு இறப்பரால் கொழித்து, 1896இல் நடுக்காட்டிலே ஓப்பரா அரங்கு கட்டிக் களித்த பிரேசிலின் மனாவுஸ் நகரம் சில ஆண்டுகளிலே சோர்ந்து விழுந்தது. அங்கிருந்து வந்த விதையின் பேரப்பிள்ளைகளே அதை வீழ்த்தின.

மரம் வந்த கதை இது. இனி மனிதர் வந்த கதையைப் பார்ப்போம்.

இறப்பர் மரம் தானாகப் பால் கொடுப்பதில்லை. வெயில் ஏறினால் பால் குன்றும். ஆதலால் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, கத்தியும் வாளியுமாக மலைச்சரிவில் ஏறவேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் நேற்றைய காயத்தின் விளிம்பில், மெல்லிய நாடாப்போல் பட்டையைச் சீவவேண்டும். ஆழம் சற்றே கூடினால் மரம் புண்படும், துரை ஏசுவான். சற்றே குறைந்தால் பால் வராது, கூலி குறையும். சிரட்டையிலே சொட்டிய பாலைச் சேர்த்துத் தொழிற்சாலைக்குச் சுமக்கவேண்டும். அங்கே அமிலம் வார்த்துத் திரைய வைத்து, உருளையிலே தகடாக அழுத்திப் புகையில் உலர்த்துவர். மழை பெய்தால் வேலை இல்லை; வேலை இல்லாவிடிற் கூலியும் இல்லை. அட்டை கடித்த கால்களும் பால் கறை படிந்த கைகளும் இத்தொழிலின் அடையாளங்கள்.

இவ்வேலைக்கு வந்தவர் யார்? கோப்பிக் காலத்திலிருந்தே திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த வந்த நம் மக்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெங்கும் மடிந்து, எஞ்சியோர் மலையேறினர். கங்காணியின் கடன் அவர்களைத் தொடர்ந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குத் தொழிலாளரைக் கடனோடு சேர்த்து மாற்றிக்கொடுக்கும் ‘துண்டு’ முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவர்கள் மட்டுமல்லர். இறப்பர்த் தோட்டங்களிற் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த சிங்களத் தொழிலாளரும் பெருந்தொகையினராய் இருந்தனர். ஒரே மலைச்சரிவில் ஒரே விடியலில் இரு மொழி பேசியவர்களும் ஒரே கத்தியால் உழைத்தனர். அவர்களின் வியர்வையில் மொழி வேறுபாடு காண எவராலும் இயலாது. அந்த இறப்பர்த் தகடுகளைக் கொழும்புத் துறைமுகத்திலே சுமந்து கப்பலேற்றிய தோள்களில், கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கைகளில் வாழ்ந்த தொழிலாளரின் தோள்களும் இருந்தன.

இனி, முன்னர் நினைவிற் கொள்ளுமாறு கேட்ட விவரத்துக்கு வருவோம். தாவரவியற் பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பதிவுண்டு. அதன் பெயர் என்ன, குடும்பம் எது, பிறந்த தேசம் எது என்பன எழுதப்படுகின்றன. பிரேசிலில் பிறந்தது, சீனத்தில் பிறந்தது, மேற்கிந்தியத் தீவிலே பிறந்தது என்று வெளிப்படையாகவே சொல்லப்படும். அவ்வாறு சொல்லப்படுவதனால் எந்த மரத்துக்கும் இழிவில்லை. அந்நிய மண்ணிற் பிறந்ததாயினும் இந்நாட்டு மழையை உண்டு, இந்நாட்டு வெயிலிற் காய்ந்து, இந்நாட்டுக்குப் பயன் தந்ததனால், அது இந்நாட்டு மரமாகவே ஏற்கப்படுகிறது. இறப்பர் இலங்கைக்கு அந்நியம் என்று இன்று எவரேனும் சொல்வரோ? தேயிலை அந்நியம் என்பரோ?

மரத்துக்கு வழங்கப்பட்ட இந்த நியாயம், அம்மரத்தின் அடியில் நின்றவனுக்கு வழங்கப்படவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்ததையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்ததையோ சான்றோடு நிறுவுமாறு அவனிடம் கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவனிடம் பத்திரம் ஏது? 1,919 கன்றுகளையும் பிசகாமல் எண்ணிப் பதிந்த ஆட்சி, கன்றுகளை நட்டவனின் பிறப்பைப் பதிந்து அவன் கையில் ஒரு துண்டுக் கடதாசி கொடுக்க அக்கறை கொள்ளவில்லை. பதியாத குற்றம் ஆட்சியினுடையது, தண்டனை தொழிலாளிக்கு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1949இன் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையையும் இழந்தனர்.

இச்சட்டங்களை இனப் பகைமையின் விளைவு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. ஏழு ஆசனங்களுக்கு அப்பாலும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. ஒன்றுபட்ட உழைக்கும் மக்களின் வலிமையைக் கண்டு அஞ்சியவர்கள், அவ்வலிமையின் ஒரு பாதியைச் சட்டத்தால் வெட்டினர். சிங்களத் தொழிலாளியும் அன்று தன் தோழனை இழந்தான் என்பதை அவன் உணரவொட்டாமல் இனவாதம் கண்ணை மறைத்தது.

அவர்களின் உழைப்பு மட்டும் நாட்டுக்குத் தொடர்ந்து வேண்டியிருந்தது. 1952இல் உலகச் சந்தையில் அரிசி அரிதாயிற்று. இறப்பரின் விலையோ வீழ்ந்தது. அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறி, அவ்வாண்டு டிசம்பரிலே இலங்கை சீனாவோடு ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் தொன் இறப்பர் கொடுத்து, இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் தொன் அரிசி பெறுவதென்பது ஏற்பாடு. கொழும்பிலே கூப்பன் புத்தகத்துடன் வரிசையில் நின்று அரிசி வாங்கிய குடும்பங்களின் உலையிலே கொதித்தது யாருடைய உழைப்பு? தன் பெயரை வாக்காளர் பட்டியலிலே காணமுடியாத பால்வெட்டுகாரனின் உழைப்பும் அதில் இருந்தது. நாட்டுக்குச் சோறு தேடித் தந்தவனை நாடு தன் மகனென்று சொல்ல மறுத்தது.

1964 ஒக்டோபரிலே இரு நாட்டுப் பிரதமர்களும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரைக் கணக்கிட்டுப் பிரித்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். பத்தாண்டுகளின்பின், 1974இல், அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டனர். கன்றுகளைப் பெட்டியில் அடைக்கும்போது தோட்டக்காரன் வேரைப் பார்ப்பான், மண்ணோடு பெயர்ப்பான், வழியிலே நீர் ஊற்றுவான். இம்மனிதரைப் பெயர்த்தபோது வேரைப் பார்த்தவர் எவரும் இலர். அண்ணன் அக்கரையிலும் தங்கை இக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிளந்தன. 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கற் சட்டம் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்ட வழிசெய்தது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இறப்பர்க் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் போதும்.

இவ்வளவையும் எண்ணி, தாவரவியற் பூங்காக்களை வெறுத்து ஒதுக்கவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. விஞ்ஞானம் எவர் கையிற் பிறந்தாலும் மக்களின் சொத்து. அதிலே நம்மவரின் பங்கும் மறைந்து கிடக்கிறது. பேராதனையின் ஓவியராக 1823 முதல் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றிய ஹரமானிஸ் த அல்விஸ் என்னும் சிங்களக் கலைஞரின் தூரிகையில்லாமல் அத்தோட்டத்தின் புகழ் இல்லை. டிரைமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைந்நூலைப் புரட்டினால், இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் அமைந்திருக்கக் காணலாம். காட்டை அறிந்த கிராமத்தவர் சொல்லாமல் அப்பெயர்கள் நூலேறியிருக்க முடியாது. அறிவும் உழைப்பும் இரு இன மக்களிடமிருந்தும் பெறப்பட்டன. நன்றிக் கணக்கு மட்டும் ஒருசிலர் பெயரிலே எழுதப்பட்டது. அக்கணக்கைத் திருத்துவது நம் தலைமுறையின் கடமை.

எனவே, ஹெனரத்கொடைக்குச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விக்கமின் பெயரைக் கற்பிக்கும் ஆசிரியர், கூடை முடைந்த அமேசன் பெண்களையும் சொல்லட்டும். டிரைமனின் சோதனையைச் சொல்லும்போது, அச்சோதனையைப் பெருந்தொழிலாக்கிய பால்வெட்டும் கைகளையும் சொல்லட்டும். பூங்காவிலே ஒரு பலகை புதிதாக நடப்படுமாயின், அதில் மூன்று மொழிகளிலும் இம்மரத்தோடு வந்தவர்களின் கதை எழுதப்படட்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கறுவாத்தோட்டமும் கியூ வீதியும் தங்கள் கதையைத் தாமாகச் சொல்லா, சொல்லவேண்டியவர்கள் நாம்.

குடியுரிமைப் பத்திரம் கைக்கு வந்தும், தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர்க்கு நிலம் இன்னும் சொந்தமாகவில்லை. பாட்டன் நட்ட மரத்தின் கீழே பேரன் இன்றும் லயத்து அறையிலே குடியிருக்கிறான். வந்த மரத்துக்கு மண் கிடைத்தது. வந்த மனிதருக்கும் மண் கிடைக்கும் நாளிலேதான் 1876இலே தொடங்கிய அக்கணக்கு நேராகும்.